தையல்நாயகிக்குக் கடல் பயம்

கருக்களாச்சேரி சிவபாலன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மாபெரும் முடிவு ஒன்றை எடுத்தார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் ஒருவரை, உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடித்தே தீருவது. உலகம் என்றால் தெற்கே நாகப்பட்டினம், வடக்கே தரங்கம்பாடி. அதைத் தாண்டிப் போனால் பொண்டாட்டி கேள்வி கேட்பாள்.

முடிவுக்குக் காரணம் மிக்சி. அடுப்படியில் தையல்நாயகி தேங்காய்ச் சட்னிக்காகப் பொத்தானைத் திருகினாள். மிக்சி 'டர்ர்ர்' என்றது. அவ்வளவுதான், வாயில் நுரையோடு குழாயடியிலிருந்து தெருவாசல் வரைக்கும் ஒரே தாவலில் வந்து நின்றார் சிவபாலன். உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன. நெஞ்சுக்குள் தவில் கச்சேரி நடந்தது.

"என்னங்க, என்னாச்சு?" என்று தையல்நாயகி எட்டிப் பார்த்தாள்.

"எறும்பு."

"எங்க?"

"கடிச்சிட்டுப் போயிடுச்சு."

"ஒரு எறும்புக்கா இவ்வளவு தூரம் ஓடியாந்தீங்க?"

"பெரிய எறும்பு."

அவள் உள்ளே போனாள். மறுபடி மிக்சியைப் போட்டாள். சிவபாலன் வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பயந்த சுபாவம் உள்ள மனிதர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. விசைப்படகு ஓட்டுகிற டிரைவர். ஊரிலேயே பெரிய மீசை அவருடையது. புயல் சின்னம் உருவானால் அந்த மீசை முதலில் சிலிர்க்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் போன பருவத்தின் கடைசியில், கோடியக்கரைக்குக் கிழக்கே ஒரு ராத்திரி எஞ்சின் நின்றுபோனது. காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. விடிந்த பிறகு வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்து வந்தது. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. கூட வந்த ஆட்கள் கரையேறி டீ குடித்ததும் மறந்துவிட்டார்கள். சிவபாலனால் மட்டும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எஞ்சின் மாதிரி எது சத்தம் போட்டாலும் கை நடுங்கியது. மிக்சி, தண்ணீர் மோட்டார், எதிர்வீட்டு புல்லட், எல்லாமே அவருக்கு எமனின் வாகனமாக இருந்தன.

நல்லவேளை, மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அரசாங்கத்தை அவர் அவ்வளவு மனதார வாழ்த்தியது அதற்கு முன்பு கிடையாது. ஆனால் தடைக்காலமும் தேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் சில வாரங்களில் படகின் சக்கரத்தைப் பிடித்தாக வேண்டும்.

பொண்டாட்டியிடம் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் படகு அவள் பேரில் இருக்கிறது. படகு வாங்கும்போது, பெண்கள் பேரில் போட்டால் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, "நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததை நான் பாத்துக்குறேன்" என்று சிவபாலன் சாமர்த்தியம் பண்ணினார். கையெழுத்தையும் அவள் போட்டாள், மற்றதையும் அவளே பார்த்துக்கொண்டாள். டீசல், ஐஸ், ஆட்களுக்குப் பங்கு, ஏலம், எல்லாம் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இவருக்கு மிஞ்சியது சக்கரம் ஒன்றுதான்.

அந்தச் சக்கரத்தின்மேலும் ஒருவனுக்குக் கண். தையல்நாயகியின் தம்பி முருகானந்தம். சிவபாலனின் படகிலேயே ஆளாக வருகிறவன். "என்ன மாமா, கை இப்புடி நடுங்குது?" என்று போன வாரமே அக்கறையாகக் கேட்டான். விஷயம் முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் சக்கரம் தம்பிக்குப் போய்விடும். புருஷனுக்கு ஐஸ்பெட்டி மேல் உட்கார இடம் கிடைக்கும். இருபத்து நான்கு வருஷம் கட்டிக் காத்த மீசைக்கு அதுதான் மரியாதை.

ஆகவே வைத்தியம் ரகசியமாக நடக்க வேண்டும்.

முதலில் போனில் பேசி வைத்தியம் பார்க்கிற ஒரு ஆளைப் பிடித்தார். "வீட்டில் அமைதியான இடமாகப் பார்த்து உட்காருங்க சார்" என்றது அந்தக் குரல். கருக்களாச்சேரியில் அமைதியான இடத்துக்கு எங்கே போவது? வலைக் குவியலுக்குள் புகுந்து உட்கார்ந்தார். "உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க" என்று குரல் கேட்டபோது, வலையைத் தூக்கிப் பார்த்துப் பக்கத்துவீட்டு முத்தையன் சிரித்தான். "யாருண்ணே போன்ல? மனசுல இருக்கிறதையெல்லாம் கேக்குது? அண்ணிக்குத் தெரியுமா?" அத்தோடு போன் வைத்தியம் முடிந்தது.

அடுத்தது நாகப்பட்டினம். போர்டைப் பார்த்துப் படியேறினால், வாசலில் பெயர் எழுதிக்கொள்கிற பெண் எழுந்து நின்றாள். "மாமா! நீங்களா! அத்தை சௌக்கியமா?" சித்தப்பா மகனின் மருமகள். சிவபாலன் அசரவில்லை. "பக்கத்துப் பல் ஆஸ்பத்திரிக்கு வந்தேம்மா, மாடி மாறிடுச்சு" என்றார். அவள் விடவில்லை. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய்ப் பல் டாக்டரிடமே ஒப்படைத்தாள். நன்றாக இருந்த பற்களையெல்லாம் சுரண்டிக்கொண்டு, பளபளவென்று ஊர் திரும்பினார்.

கடைசியாகக் காரைக்காலில் எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கும் நூருல் அமீனிடம் போனார். பழைய சிநேகம். எஞ்சினுக்கு என்ன கோளாறு என்றாலும் அவரிடம்தான் போவது. மனசுக்கும் அவரிடமே போனார்.

"பாய், இந்த மனசு சரியில்லாதவங்களுக்குப் பாப்பாங்களே, அந்த மாதிரி டாக்டர் யாராச்சும் தெரியுமா? மாத்திரை வேணாம். பேசி, சமாளிக்கிறதுக்கு ஏதாச்சும் வழி சொல்லிக் குடுக்கிறவங்களா இருக்கணும்."

நூருல் அமீன் கையிலிருந்த பேரிங்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யாருக்கு சிவபாலு?"

இங்கேதான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. மீசை வழி மறித்தது.

"வீட்டுல. தையலுக்கு."

"யா அல்லாஹ்! தங்கச்சிக்கா? ஏலக்கடையில அத்தனை யாவாரியையும் ஒரு பார்வையில அடக்குற பொண்ணாச்சேப்பா! என்ன பண்ணுது?"

"கடலைப் பாத்தா பயப்படுறா. எஞ்சின் சத்தம் கேட்டா நடுங்குறா."

"அடப் பாவமே" என்று நூருல் அமீன் கண் கலங்கினார். "ஹஃப்ஸான்னு ஒரு பொண்ணு இருக்கு. எங்க சொந்தம் இல்ல, பயப்படாதே. மனநல ஆலோசகரு. நல்லாப் பேசும், அதைவிட நல்லாக் கேட்டுக்கும்."

வெளியே வந்த சிவபாலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன மூளை! வியாதி என்னுடையது, பேர் அவளுடையது. நான் வெறும் தபால்காரன். வழியெல்லாம் சைக்கிளில் போனவர்களுக்குக்கூட வணக்கம் வைத்துக்கொண்டே வந்தார்.

ஹஃப்ஸாவின் அறை ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்தது. சின்னப் பெண். கண்ணாடி போட்டிருந்தாள். "சொல்லுங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். யாராவது இப்படிக் காத்திருந்து எவ்வளவு நாளாயிற்று! சிவபாலன் மடை திறந்தமாதிரி கொட்டினார்.

"என் சம்சாரத்துக்குத்தாம்மா. எஞ்சின் ஸ்டார்ட் ஆவுற சத்தம் கேட்டா நெஞ்சு அடிச்சுக்குது. கை நடுங்குது. மூச்சு முட்டுது. மீசையெல்லாம் வேர்த்துப் போவுது..."

"மீசையா?"

"ம்?"

"உங்க மனைவிக்கு மீசை வேர்க்குதுன்னு சொன்னீங்க."

"எனக்கும்மா. அவளைப் பாத்துப் பாத்து எனக்கு வேர்க்குது."

ஹஃப்ஸா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அவங்க நேர்ல வராம அவங்களுக்கு நான் எதுவும் பண்ண முடியாதுங்க ஐயா. ஆனா பயந்து போனவங்களுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களும் சில பழக்கங்களைத் தெரிஞ்சு வச்சுக்கணும். நீங்க கத்துக்குங்க. முதல்ல நீங்களே செஞ்சு பாருங்க. வெக்கப்படாம."

"நானா? அவளுக்காகவா?" என்று தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார் சிவபாலன். "செய்யிறேம்மா. கட்டினவளுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

பழக்கங்கள் எளிமையாக இருந்தன. மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வாயால் விட வேண்டும். மனசு பழைய ராத்திரிக்கு ஓடும்போது, கண்ணெதிரே தெரிகிற சாமான்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, அதை இங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். மூன்றாவது பாடத்தை அடுத்த முறை சொல்வதாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சி தொடங்கியது. தையல்நாயகி மிக்சியைப் போட்டாள். சிவபாலன் ஓடவில்லை! அடுப்படி நிலைப்படியைப் பிடித்தபடி நின்று மூச்சை இழுத்தார். 'உஸ்ஸ்ஸ்' என்று விட்டார்.

"எங்கங்க பஞ்சர்?" என்றாள் அவள் திரும்பாமலே.

"சும்மாதான்... குழம்புச் சட்டி. அரிவாள்மணை. உப்பு ஜாடி. முறம். தையல்நாயகி."

"ஏலம் விடுறீங்களா? என்னை எவ்வளவுக்கு எடுக்குறாங்க?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, அவர் நின்றுகொண்டிருந்தார். கை நடுங்கியது, ஆனால் நின்றுகொண்டிருந்தார். வெளியே போய்த் தென்னை மரத்தில் ஒரு குத்து விட்டார், சந்தோஷத்தில். கை வீங்கிவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. நடுக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அடுத்த முறை போனபோது ஹஃப்ஸா மூன்றாவது பாடத்தைச் சொன்னாள். "எதைக் கண்டு பயமோ அதைவிட்டு ஓடினா பயம் வளரும். ஒரேயடியாக் குதிக்கவும் வேணாம். படிப்படியாக் கிட்டப் போவணும். முதல்ல தூரத்துல நின்னு போட்டைப் பாக்கலாம். அப்பறம் தொட்டுப் பாக்கலாம். ஏறி உக்காரலாம். எஞ்சினை ஓடவிட்டுக் கேக்கலாம். கடைசியா முகத்துவாரம் வரைக்கும் ஒரு நடை. ஒவ்வொரு படியிலயும் நம்பிக்கையான ஆள் ஒருத்தர் கூடவே நிக்கணும்."

"கூடவே ஆள் எதுக்கும்மா? தனியாவே..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் நிப்பேன். அவளுக்கு."

அன்று சாயங்காலம் விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்புகள் கும்பலாகக் கிடந்தன. உள்ளே பெண்கள் பேச்சு. சிவபாலனின் விசில் பாதியில் அறுந்தது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு காதை நீட்டினார்.

நூருல் அமீன் நல்லவர்தான். அவர் தன் வீட்டம்மாவிடம் மட்டும் சொன்னார். அந்த அம்மாவும் நல்லவர்தான், மீன் வாங்கும்போது முத்தையனின் அக்கா குஞ்சம்மாவிடம் மட்டும் கேட்டார். குஞ்சம்மாவிடம் சொன்ன பிறகு வேறு யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மார்க்கெட்டில் அவள் விலை சொன்னால் துறைமுகத்தில் கேட்கும்.

"தையலு, எப்புடித்தா இருக்கே?" குஞ்சம்மாவின் குரல் ஓட்டைத் தூக்கியது. "கடலைக் கண்டா உனக்குப் பயமாமே? எஞ்சின் சத்தம் கேட்டா நடுங்குறியாமே? ஊரே பேசுது. இந்தா, ஆரஞ்சு. இந்தா, ஆர்லிக்ஸு."

சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டார். மீன் அரிகிற சத்தம் நின்றது. இதோ, இப்போது வெடிக்கப் போகிறாள். இதோ.

"ஆமாக்கா" என்றாள் தையல்நாயகி. "ரொம்பப் பயம். அவருதான் பாவம், எனக்காக டாக்டரைத் தேடி அலையுறாரு."

சிவபாலனுக்குத் தலை சுற்றியது. மூக்கால் இழுத்து வாயால் விட்டார். செருப்பு, விளக்குமாறு, வாளி, சைக்கிள் என்று முணுமுணுத்தார். சமாளிக்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தார். தையல்நாயகி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தையலு, அது வந்து..."

"ஒரு சுளை எடுத்துக்குங்க. டாக்டரம்மா வேற என்ன சொன்னாங்க?"

"படிப்படியா போட்டுக்குக் கிட்டப் போவணுமாம். ஆனா உனக்கு அதெல்லாம் வேணாம், நான் பேசி..."

"நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் ஹஃப்ஸாவின் அறைக்குள் தையல்நாயகி தனியாகப் போனாள். சிவபாலன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைப் பிழிந்தார். உள்ளேயிருந்து இரண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னாங்க? என்னைப் பத்தி ஏதாச்சும்..."

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஒருத்தரு சொன்னதை இன்னொருத்தருகிட்ட சொல்ல மாட்டாங்களாம். நல்ல பொண்ணு. நான் எப்பயாச்சும் கடல்ல போயிருக்கேனான்னு கேட்டாங்க. போட்ல ஏறுனதே இல்லன்னேன். அப்ப எப்புடிப் பயம் வந்துச்சுன்னாங்க. ஏறிப் பாத்தாதான் தெரியும்னேன்."

"ஏறிப் பாத்தாவா?"

"படிப்படியா."

சிவபாலனுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் ஆன புதிதிலிருந்து தையல்நாயகி கேட்டுக்கொண்டிருக்கிற ஒரே வரம் அது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, படகில் ஏற்றிக் கடலைக் காட்டுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், ஒரு தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் குடும்பத்தில் பெண்கள் படகில் ஏறுகிற வழக்கம் இல்லை. கரையிலேயே நின்று மீனுக்கு விலை வைக்கலாம், படகுக்குச் சொந்தக்காரியாகவும் இருக்கலாம், பலகையில் மட்டும் கால் வைக்கக் கூடாது.

"பொம்பளை ஏறுனா வலையில மீன் படாது தையலு. காலங்காலமா உள்ள வழக்கம்."

"தடைக்காலத்துல எவன் வலை போடுறான்?"

தையல்நாயகி அதோடு விடவில்லை.

"மீன் புடிக்கவா போறேன்? வைத்தியத்துக்குப் போறேன். டாக்டரம்மாவே சொல்லியாச்சு. இல்லன்னா ஒண்ணு பண்ணலாம், பயம் எனக்கில்லன்னு ஊருக்குச் சொல்லிடுறேன். யாருக்குன்னு கேப்பாங்க. யாருக்குங்க?"

"நாளைக்குக் காலையில போவலாம்" என்றார் சிவபாலன்.

காரைக்கால் துறைமுகத்தில், அரசலாற்றங்கரையில், படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வர்ணம் அடிக்கிறவர்களும் எஞ்சின் பார்க்கிறவர்களுமாக ஒரே கூட்டம். அவர்களுக்கு நடுவில் நின்று தையல்நாயகி, "ஐயோ, பயமா இருக்கே!" என்றாள். சொல்லிக்கொண்டே படகின் விளிம்பைத் தொட்டாள். மறுநாள், "அம்மாடி, நடுக்கமா இருக்கே!" என்றாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பூனை மாதிரி உள்ளே தாவினாள். ஏறி நின்று கையை நீட்டினாள். "வாங்க, வந்து என்னைப் புடிச்சுக்குங்க."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியவர் யார் என்று கவனிக்க ஆளில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு சிவபாலன் படகில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

எஞ்சினை ஓடவிட வேண்டிய நாளில் முருகானந்தம் கையில் துணியோடு வந்தான். "மாமா, நீங்க அக்காவைப் பாருங்க. நான் ஸ்டார்ட் பண்றேன்" என்று சக்கரத்துப் பக்கம் நகர்ந்தான்.

"நீ கீழ போயி கயித்தைப் பாருடா" என்றாள் தையல்நாயகி.

எஞ்சின் உறுமியது. சிவபாலனின் உலகம் இருண்டது. அலை, காற்று, நின்றுபோன எஞ்சின், எல்லாம் ஒன்றாக மேலே வந்து விழுந்தன. அவர் கை தானாகப் பக்கத்தில் துழாவியது. ஒரு கை அதை இறுகப் பிடித்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க!" என்று தையல்நாயகி ஊருக்குக் கேட்கக் கத்தினாள். பிறகு அவர் காதோரம், "என்ன தெரியுது? சொல்லுங்க" என்றாள்.

"சக்கரம்... ஆணி... சாமி படம்..."

"அப்பறம்?"

"உப்புப் பூத்த கண்ணாடி. மூக்குத்தி. உன் மூக்குத்தி."

"மூச்சை விடுங்க. மெதுவா. மீசை வேர்க்குது, தொடைச்சுக்குங்க."

அந்த இடத்தில் சிவபாலனுக்கு அழுகை வந்தது. எவ்வளவு நாளாக இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தோம் என்று நினைத்தார். "தையலு, உனக்கு எல்லாம் தெரியுமா?"

"பெரிய எறும்புன்னு சொன்னீங்களே, அன்னிக்கே."

"அப்ப சக்கரத்தை உன் தம்பிகிட்ட..."

"அவனுக்குப் பயமே கிடையாதுங்க. அப்படிப்பட்டவன்கிட்ட என் போட்டைக் குடுப்பேனா?"

சிவபாலன் அவள் கையை விடவே இல்லை. "வெளியில யாருக்கும் சொல்லிடாதே தையலு. மானம் போயிடும்."

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

தடை முடிவதற்கு முந்தின நாள். பழுது பார்த்த எஞ்சின்களை முகத்துவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கிற நாள். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார்கள். சிவபாலன் சக்கரத்தைப் பிடித்தார். பக்கத்தில் தையல்நாயகி, லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு நின்றாள். படகு நகர்ந்தது. கலங்கரை விளக்கம் தெரிகிறது, கொட்டிக் கிடக்கிற கருங்கல் தெரிகிறது, கொக்கு தெரிகிறது என்று அவர் வாய் சொல்லிக்கொண்டே வந்தது. ஆற்றுத் தண்ணீர் முடிந்து கடல் தண்ணீர் தொடங்குகிற இடத்தில் முதல் அலை படகைத் தூக்கியது.

தையல்நாயகி சிரித்தாள். இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அது. அடக்கமாட்டாமல், குழந்தை மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டாவது அலை வந்ததையே சிவபாலன் கவனிக்கவில்லை. அது படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போயிருந்தது. கையைப் பார்த்தார். நடுக்கம் இல்லை. "தையலு! பாரு, கையைப் பாரு!" என்று கூவினார். முன்னால் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்ததும், "உன் கையை! நடுங்கவே இல்ல பாரு, உனக்குச் சரியாப் போச்சு!" என்று மாற்றிக்கொண்டார்.

மீசையை முறுக்கிக்கொண்டு கரைக்குத் திரும்பினார். வியாதி போயிற்று. சக்கரம் தங்கிற்று. ரகசியம் புருஷன் பெண்டாட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. கருக்களாச்சேரியில் இப்படி ஒரு காரியத்தை இவ்வளவு கச்சிதமாக முடித்தவன் எவன் இருக்கிறான்?

படகு துறைக்கு வந்து அணைந்தபோது கரையில் ஊர்ப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எல்லோரும் எங்கெங்கிருந்தோ லைஃப் ஜாக்கெட் வாங்கி மாட்டியிருந்தார்கள். முன்வரிசையில் குஞ்சம்மா.

"என்னக்கா இது?" என்றார் சிவபாலன்.

"எங்களுக்கும் கடல்னா பயந்தான் தம்பி" என்றாள் குஞ்சம்மா கணீரென்று. "படிப்படியாப் போவ எனக்குப் பொறுமை இல்ல. ஒரேயடியா ஏறிடுறேன்."

ஏறினாள். பின்னால் மற்றவர்களும் "ஐயோ பயமா இருக்கே" என்று குதூகலமாகக் கத்திக்கொண்டு ஏறினார்கள். சிவபாலன் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா, "எடுங்க வண்டியை" என்றாள்.

எடுத்தார். என்ன செய்வது? மனநலத்துக்காகப் பாடுபடுகிற மனிதராக ஊர் அவரைப் பார்க்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். "வேகமாப் போங்க தம்பி!" என்று கடலைக் கண்டால் நடுங்குகிற குஞ்சம்மா முன்விளிம்பில் நின்று கத்தினாள்.

அப்போது கரையிலிருந்து முத்தையன் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டான். பின்னால் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"சிவபாலண்ணே! உங்க பயந்தான் போயிடுச்சுல்ல? எங்க வீட்டுப் பொம்பளைங்களை எறக்கி விட்டுட்டுப் போங்கண்ணே! அடுப்பு இன்னும் பத்தவைக்கல!"

படகு முழுக்கச் சிரித்தது. சிவபாலனின் மீசை தொங்கியது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான் ஒருத்தருகிட்டயும் மூச்சு விடலங்க" என்றாள் தையல்நாயகி. "நம்ம ஊர்ல கடலுக்குப் பயப்படுற பொம்பளை ஒருத்தி இருக்கான்னா, எவன் நம்புவான்?"